தனியாக இழுத்தால் சோர்வு, சேர்த்து இழுத்தால் வேகம்: பம்ப் வேலைக்குப் பிறகு ஓர் எக்ஸ்கவேட்டர்

கேள்வி: என்னிடம் 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று இருக்கிறது, நானேதான் ஓட்டுகிறேன். மெயின் பம்ப் ஷாஃப்ட் சீல் ஒழுகியதால் பம்பைக் கழற்றி ஓவர்ஹால் செய்தோம். சிலிண்டர் பிளாக், பிஸ்டன்கள், வால்வு பிளேட், சீல் எல்லாம் புதிது. மாட்டிய நாளிலிருந்து வண்டியில் பவர் இல்லை. பக்கெட்டை மட்டும் இழுத்தால் ஆமை மாதிரி வருகிறது. ஸ்விங்கும் (மேல்பகுதி சுழல்வதும்) அப்படித்தான். ஒரு செயினை மட்டும் ஓட்டினால் நகரவே மனமில்லாமல் நகர்கிறது. இரண்டு லீவரையும் சேர்த்துத் தள்ளினால் பழையபடி ஓடுகிறது. பூம் தூக்குவதில் குறை தெரியவில்லை. ஸ்விங் போய்க்கொண்டிருக்கும்போது பக்கெட்டையும் இழுத்தால் ஸ்விங் திடீரென்று வேகம் எடுக்கிறது. இன்ஜின் அமுங்குவதில்லை. காலையில் முதல் 10 நிமிடம் பம்பில் ஊளைச் சத்தம், டேங்க் கண்ணாடியில் ஆயில் பால்போல் தெரிகிறது. மெக்கானிக் மெயின் ரிலீஃப் வால்வை அரைச் சுற்று ஏற்றினார், பயனில்லை. இன்னும் ஏற்றலாம் என்கிறார். அதிலும் சரியாகாவிட்டால் பம்பை மறுபடி இறக்க வேண்டும், ஆயிலைப் பிரித்து அனுப்பும் கண்ட்ரோல் வால்வும் போயிருக்கலாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம். முதலில் ஒன்று: பம்பை இறக்காதீர்கள். கண்ட்ரோல் வால்வு வாங்கவும் கிளம்பாதீர்கள். ரிலீஃப் ஸ்க்ரூவை இனி யாரும் தொட வேண்டாம், ஏற்கெனவே ஏற்றிய அரைச் சுற்றை இன்றே இறக்கச் சொல்லுங்கள். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய உதவி செய்தவை இரண்டு வரிகள். ஒரு செயின் தனியாகச் சோர்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஓடுகிறது என்பது ஒன்று. ஸ்விங்கோடு பக்கெட்டை இழுத்தால் ஸ்விங் வேகம் எடுக்கிறது என்பது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் "பவர் இல்லை" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் லீவரில் கையை வைத்து உணர்ந்ததை அப்படியே எழுதியதால், வண்டியைப் பார்க்காமலே ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது.

"பவர் இல்லை" என்ற சொல்லுக்குள் இரண்டு தனித்தனி நோய்கள் ஒளிந்திருக்கின்றன. வேகம் குறைவது ஒன்று, பலம் குறைவது இன்னொன்று. பலம் என்பது பிரஷர். பக்கெட் மண்ணில் முட்டி நின்றுவிடுகிறது, லோடோடு பூம் மேலே போக மறுக்கிறது என்றால் பிரஷர் போதவில்லை. வேகம் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் வருகிறது என்பது. எல்லா வேலையும் நடக்கிறது, ஆனால் மெதுவாக நடக்கிறது என்றால் ஆயில் வரத்து போதவில்லை. ரிலீஃப் வால்வு பிரஷருக்கு மேல்வரம்பு கட்டும் வால்வு. வரத்தை ஒரு சொட்டுகூட அது கூட்டாது. மெதுவாகப் போகிற வண்டியில் ரிலீஃபை ஏற்றுவது, தண்ணீர் குறைவாக வருகிற குழாய்க்குப் பெரிய தொட்டி கட்டுவதுபோல. உங்களுடையது வேகக் குறை. நிறைந்த பக்கெட்டைப் பூம் தூக்குகிறது என்றால் பிரஷர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இப்போது பம்புக்கு வருவோம். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் ஒரே ஷாஃப்டில் இரண்டு பிஸ்டன் பம்புகள் இருக்கும். கண்ட்ரோல் வால்வும் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரு பம்ப் ஒரு பக்கத்துக்கு. பொதுவாக ஒரு பக்கத்தில் ஒரு செயின், பக்கெட், பூம் முதல் வால்வு, ஆர்ம் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் கை) இரண்டாம் வால்வு. மறுபக்கத்தில் மற்றொரு செயின், ஸ்விங், ஆர்ம் முதல் வால்வு, பூம் இரண்டாம் வால்வு. கம்பெனிக்குக் கம்பெனி வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் பக்கெட்டும் ஸ்விங்கும் வேறு வேறு பம்பில் என்பதும், இரண்டு செயினும் ஆளுக்கொரு பம்பில் என்பதும் பெரும்பாலும் மாறாது. பூம் தூக்கும்போது இரண்டு பம்பும் சேர்ந்து ஊட்டும்.

இதை உங்கள் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக வேலை செய்கிற எல்லாம், எந்தப் பக்கமாக இருந்தாலும், சோர்கின்றன. இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்கிற எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒரு பம்ப் மட்டும் கெட்டிருந்தால் ஒரு பக்கம்தான் சோர்ந்திருக்கும், வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்திருக்கும். இரண்டு பம்பும் கெட்டிருந்தால் இரண்டு லீவரைச் சேர்த்துத் தள்ளினாலும் வேகம் வந்திருக்காது. லீவரின் சேதியைக் கண்ட்ரோல் வால்வுக்குக் கொண்டுபோகும் பைலட் பிரஷர் குறைவாக இருந்தாலும் அப்படித்தான், எல்லாமே, எப்போதுமே மந்தமாக இருந்திருக்கும். ஆக, இரண்டு பம்பும் ஆயில் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கின்றன. தவறான நேரத்தில், தவறான பக்கத்துக்குக் கொடுக்கின்றன.

இது எப்படி நடக்கும்? பம்ப் எவ்வளவு ஆயில் தள்ள வேண்டும் என்று முடிவு செய்வது அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர். ரெகுலேட்டருக்குச் சேதி கொண்டுவருவது கண்ட்ரோல் வால்விலிருந்து வரும் மெல்லிய சிக்னல் ஹோஸ். லீவரைத் தொடாதபோது பம்ப் ஆயில் வால்வின் நடுவழியாக ஓடி டேங்க்குக்குத் திரும்புகிறது. அந்த வழியின் கடைசியில் ஒரு சிறு துளை. அதில் ஆயில் நெருக்குவதால் ஒரு பிரஷர் எழும்பும், பல வண்டிகளில் 30 பாரை (பார் என்பது பிரஷரின் அளவு) ஒட்டி இருக்கும். இந்தப் பிரஷர் ரெகுலேட்டருக்கு வந்தால் "வேலை இல்லை, குறைத்துக்கொள்" என்று பொருள். நீங்கள் லீவரை இழுத்ததும் நடுவழி அடைபடுகிறது, சிக்னல் பிரஷர் விழுகிறது, "வேலை வந்துவிட்டது, கூட்டு" என்று ரெகுலேட்டர் புரிந்துகொள்கிறது. சிக்னல் குறைந்தால் பம்ப் கூடும், சிக்னல் கூடினால் பம்ப் குறையும். இதனால்தான் இதை நெகட்டிவ் கண்ட்ரோல் என்கிறார்கள்.

ஒவ்வொரு பம்புக்கும் இப்படி ஒரு சிக்னல் ஹோஸ். இரண்டும் ஒரே தடிமன், ஒரே நட், கிட்டத்தட்ட ஒரே நீளம். பம்பைக் கழற்றும்போது இரண்டையும் அவிழ்க்காமல் வேலை நடக்காது. அடையாளம் போடாமல் அவிழ்த்தால் மாற்றி மாட்டுவதற்குச் சரிபாதி வாய்ப்பு. மாறிவிட்டால் என்ன ஆகும்? பக்கெட்டை இழுக்கிறீர்கள். பக்கெட் பக்கத்துச் சிக்னல் விழுகிறது, ஆனால் சேதி போவது ஸ்விங் பம்புக்கு. அது முழு அளவுக்கு எழுந்து, யாரும் கேட்காத ஆயிலை நடுவழியாக டேங்க்குக்குக் கொட்டுகிறது. அந்த ஓட்டத்தால் ஸ்விங் பக்கத்துச் சிக்னல் நன்றாக ஏறி, பக்கெட் பம்பை மிகக் குறைந்த அளவுக்கு அமுக்கிவிடுகிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். உங்கள் வண்டியில் அழுவது ஒரு பிள்ளை, பால் போவது இன்னொன்றுக்கு. இரண்டும் சேர்ந்து அழும்போது மட்டும் இரண்டுக்கும் கிடைக்கிறது. ஸ்விங்கோடு பக்கெட்டை இழுத்ததும் ஸ்விங் பறப்பது இதனால்தான்.

இன்ஜின் அமுங்காததும் இதோடு பொருந்துகிறது. பம்ப் உண்மையாகவே பாரத்தை ஏற்று வேலை செய்தால் இன்ஜின் சத்தம் மாறும், ஒரு சிறு தாழ்வு கேட்கும். உங்கள் வண்டியில் இன்ஜினிடம் யாரும் வேலையே கேட்கவில்லை. மாறாக, வண்டி மெதுவாகவும் போய், இன்ஜின் திணறிக் கரும்புகையும் தள்ளியிருந்தால் நான் டீசல் ஃபில்டரிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு பழைய வலியும் காரணம். வேலை பழகிய ஆண்டுகளில் இதே மாதிரி ஒரு வண்டியில், ஓவர்ஹால் சரியில்லை என்று நினைத்து நாங்கள் பம்பை இரண்டு முறை இறக்கினோம். இரண்டாவது முறை ஏற்றும்போது கூட இருந்த உதவியாள் பையன் கேட்டான்: "அண்ணே, இந்த ஹோஸ்ல கிளாம்ப் தேஞ்ச தடம் வெளிப்பக்கமா இருக்கே, கிளாம்ப் உள்பக்கம்தானே இருக்கு?" ஹோஸ் பல வருடம் உரசிய தடம், அது எந்த இடத்தில் இருந்தது என்று காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டையும் மாற்றி மாட்டினோம். 15 நிமிட வேலை. வண்டிக்காரர் அதற்குள் ஒன்பது நாள் வேலையை இழந்திருந்தார். அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் ஹோஸ்களிலும் அந்த மாதிரி தடம், பழைய பெயின்ட், தூசி படிந்த பக்கம், வளைந்து பழகிய வளைவு எல்லாம் பாருங்கள். ரப்பருக்கு ஞாபகம் இருக்கிறது.

சோதனையை எப்படிச் செய்வது? கேஜ் இருந்தால் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். ஒரு ரெகுலேட்டரின் சிக்னல் ஹோஸில் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு 100 பார் கேஜ் மாட்டுங்கள். அந்தப் பம்பின் தடித்த டெலிவரி ஹோஸைக் கையால் தொடர்ந்துபோய், அது வால்வில் எந்தப் பக்கம் சேர்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விங் இருக்கும் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் கேஜைப் பாருங்கள்; பிறகு ஸ்விங் லீவரை மட்டும் இழுங்கள். முள் கீழே விழ வேண்டும். விழாமல், பக்கெட்டை இழுக்கும்போது விழுந்தால் ஹோஸ் மாறியிருக்கிறது. கேஜ் இல்லையென்றால் ரெகுலேட்டர் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டிப் பாருங்கள். தவறாக இருந்தால் திரும்ப மாற்றிவிடலாம், கொஞ்சம் ஆயில் சிந்துவதைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. பெரும்பாலான பம்புகளில் ஹோஸ் மாட்டும் துளைக்கு அருகே எழுத்தும் எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் வண்டியில் இப்படி மெல்லிய ஹோஸ் இல்லாமல் ரெகுலேட்டருக்கு வயர் போகிறது என்றால், அதே கதை வயரில் நடந்திருக்கும். இரண்டு பம்புக்கும் இரண்டு சோலனாய்டு, இரண்டு பிரஷர் சென்சார், ஒரே மாதிரி பிளக். அவற்றை மாற்றிக் குத்தினாலும் இதே குறிதான் காட்டும். வயரில் ஒட்டியிருக்கும் எண்ணையோ நிறத்தையோ சர்க்கிட் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த ஹோஸையும் அவிழ்ப்பதற்கு முன் செய்ய வேண்டியதை நிதானமாகச் சொல்கிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டையும் பூமையும் தரையில் முழுதாக அமர்த்துங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, மற்ற லீவர்களைச் செயல்படாமல் பூட்டும் லாக் லீவரை விடுவித்து, எல்லா லீவரையும் நாலு பக்கமும் சில முறை ஆட்டுங்கள். பிறகு லாக் லீவரைப் பூட்டிவிட்டு, டேங்க் பிரீதரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அதற்கப்புறமும் நட்டை ஒரேயடியாக அவிழ்க்காமல், கொஞ்சம் தளர்த்தி, நின்று, கசிவு அடங்கியபின் அவிழ்க்க வேண்டும். ஓடும் வண்டியில் கசிவு தேட ஒருபோதும் கையால் தடவாதீர்கள், ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். 300 பாரில் ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன முள் குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகிப்போகும், விரலையோ கையையோ இழக்க நேரும். அப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், அதிக பிரஷரில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும்.

சரி, ரிலீஃப் ஸ்க்ரூ. அரைச் சுற்றுதானே என்று தோன்றும். அந்த ஸ்ப்ரிங் மிகவும் விறைப்பானது. கால் சுற்றுக்கே பல பத்து பார் ஏறிவிடும். 20 டன் வண்டிகளில் மெயின் ரிலீஃப் ஏறக்குறைய 320 முதல் 350 பார் வரை இருக்கும்படி செய்திருப்பார்கள். ஹோஸ், சிலிண்டர், நீங்கள் புதிதாகப் போட்ட பிஸ்டன்கள் எல்லாம் அந்த எண்ணுக்குக் கணக்குப் பார்த்துச் செய்தவை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக இருக்கும் போர்ட் ரிலீஃப்கள் மெயினைவிடக் கொஞ்சம் மேலே வைக்கப்பட்டிருக்கும். மெயினை அதற்கும் மேலே ஏற்றிவிட்டால் மெயின் திறக்காமல் போர்ட் ரிலீஃப்கள் திறக்க ஆரம்பிக்கும், அவை அந்த வேலைக்கானவை அல்ல. இப்போது வரத்து குறைவாக இருப்பதால் ஏற்றியதன் வீரியம் உங்களுக்குத் தெரியவில்லை. ஹோஸ் சரியாகி, பம்ப் முழு வரத்தோடு எழும் முதல் நாளில்தான் ஏதாவது ஒரு ஹோஸ் வெடிக்கும். அதனால்தான் முதலில் அரைச் சுற்றைத் திருப்பச் சொன்னேன். திருப்பியதோடு முடிந்ததாக நினைக்க வேண்டாம், அது தற்காலிகம்தான். சரியான அளவைக் கேஜ் வைத்துத்தான் முடிக்க முடியும், அதுவும் சிக்னல் ஹோஸ் சரியான பிறகு. பம்ப் குறைந்த வரத்தில் இருக்கும்போது ரிலீஃப் காட்டும் எண்ணும், முழு வரத்தில் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. முந்திக்கொண்டு அளந்தால் தவறான இடத்தில் பூட்டிவிடுவீர்கள்.

அளக்கும்போது ஆயில் 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேறி இருக்க வேண்டும். பம்ப் அவுட்லெட்டில் 600 பார் கேஜ், இன்ஜின் முழு வேகத்தில், பக்கெட்டைச் சிலிண்டர் முட்டும்வரை சுருட்டி லீவரை முழுதாகப் பிடித்துப் பாருங்கள். சில விநாடிகள் போதும், பிடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் கொதிக்கும். கூடுதல் என்று தெரிந்தால் ஸ்க்ரூவைத் தேவைக்கும் கீழே இறக்கி, அங்கிருந்து மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் ஸ்ப்ரிங் சரியாக அமராது. ரிலீஃபில் இரண்டு லாக் நட் தெரிந்தால் உங்கள் வண்டியில் பவர் பூஸ்ட் (தேவைப்படும்போது சிறிது நேரம் பிரஷரைக் கூட்டும் வசதி) இருக்கிறது என்று அர்த்தம், எந்த ஸ்க்ரூ எதற்கு என்று அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் பார்க்காமல் தொடக்கூடாது.

இனி காலைச் சத்தமும் பால்போன்ற ஆயிலும். இது வேறொரு நோய், அதே அறுவைச் சிகிச்சையில் வந்தது. சிக்னல் ஹோஸைச் சரிசெய்ததும் வண்டி பறக்கும், அந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. முதலில் சொன்னதைவிட இதுதான் உங்கள் புதுப் பம்பைத் தின்னும்.

ஆயில் வெளுத்துக் கலங்குவதற்கு இரண்டு காரணம் உண்டு, காற்று அல்லது தண்ணீர். ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அசைக்காமல் வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் நுரை மேலே ஏறித் தெளிந்தால் காற்று. மறுநாளும் மங்கலாகவே இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஆயிலையே மாற்ற வேண்டும். ஊளைச் சத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது உங்களுடையது காற்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காற்று எங்கிருந்து வரும்? டேங்கிலிருந்து பம்புக்கு வரும் தடித்த சக்ஷன் குழாயில்தான் முதலில் தேட வேண்டும். பம்பைக் கழற்றியபோது அதன் ஃபிளேஞ்சைத் திறந்திருப்பார்கள். அங்கே பழைய ஓ-ரிங்கையே போட்டிருக்கலாம், பள்ளத்தில் உட்காராமல் கடிபட்டிருக்கலாம், கிளாம்ப் இறுகாமல் இருக்கலாம். சக்ஷன் பக்கத்தில் வண்டி ஓடும்போது உறிஞ்சும் இழுப்பு இருப்பதால் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டும் இல்லையே என்று அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சத்தம் வரும் நேரத்தில், இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு மூட்டையும் சுற்றித் தடிமனாகக் கிரீஸ் பூசுங்கள். எந்த மூட்டில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சுற்றும் விசிறி, பெல்ட் பக்கம் கை போகாதபடி ஒரு குச்சியால் பூசுங்கள். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

ஆயில் அளவையும் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அளவு பார்க்க ஒரு நிற்கும் முறை உண்டு, டேங்குக்கு அருகே படமாக ஒட்டியிருப்பார்கள். சிலிண்டர்கள் வேறு நிலையில் இருக்கும்போது பார்த்தால் கண்ணாடி பொய் சொல்லும். குறைந்த அளவில் ஓடினால் சக்ஷன் குழாய்ச் சுழலில் காற்று இறங்கிவிடும். டேங்குக்குள் இருக்கும் சக்ஷன் ஸ்ட்ரெய்னரையும் ஒரு முறை வெளியே எடுங்கள். பம்ப் வேலையின்போது ஹோஸ் வாயை மூடிய பிளாஸ்டிக் மூடியும், துடைத்த துணியும் ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் ஒரு கேள்வியை நேராகவே கேளுங்கள்: பம்பை ஏற்றியபின், முதல் ஸ்டார்ட்டுக்கு முன், பம்ப் உடலுக்குள் ஆயில் நிரப்பினாரா? குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் கேட்க வேண்டாம், பதில் தெரிவதுதான் முக்கியம். காலி உடலோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன்களின் அடியில் இருக்கும் வெண்கலப் பாதங்கள் உலர்ந்தபடி தட்டில் உரசும், சில விநாடிகளே போதும் கீறல் விழ. நிரப்பவில்லை என்றாலோ ஞாபகம் இல்லை என்றாலோ ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறத் துகள் மின்னினால் பம்ப் தேய ஆரம்பித்துவிட்டது. இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும், வெண்கலம் ஒட்டாது, ஆகவே காந்தம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். புது உதிரிகள் பழகும்போது மெல்லிய சாம்பல் பொடிபோல் கொஞ்சம் வருவது இயல்பு. விரலில் நெருடுகிற துகள் இயல்பில்லை.

சக்ஷன் மூட்டைச் சரிசெய்தபின், பம்ப் உடலின் மேலே இருக்கும் ஏர் பிளீட் பிளக்கைத் தளர்த்தி, குமிழி இல்லாத ஆயில் வரும்வரை விட்டு இறுக்குங்கள். முதல் 10 நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடட்டும், லீவரைத் தொட வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரையும் முட்டவிடாமல் மெதுவாக நாலைந்து முறை நீட்டி மடக்குங்கள். கடைசியில் ஸ்விங், செயின். காற்று சிக்கிய சிலிண்டரை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் முட்டவிட்டால் உள்ளே சீல் கருகும்.

ஹோஸ் மாறவில்லை, சரியாகத்தான் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? எனக்கு அந்த வாய்ப்பு குறைவாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அடுத்த இடம் அந்த இரண்டு ரெகுலேட்டர்கள்தான். ஓவர்ஹாலில் அவற்றையும் பிரித்திருந்தால் முன் பம்பினுடையதைப் பின்னும், பின்னுடையதை முன்னும் மாட்டியிருக்கிறார்களா, அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்களில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். லாக் நட்டில் பெயின்ட் விண்டிருந்தால் கை வைத்திருக்கிறார்கள். பைலட் பிரஷரையும் ஒரு முறை அளந்துவிடுங்கள், பொதுவாக 35 முதல் 40 பார் வரை இருக்கும். வால்வு பிளேட் பற்றியும் ஒரு வார்த்தை: இந்த இரட்டைப் பம்புகள் பலவற்றில் முன்னும் பின்னும் போடும் பிளேட்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறானவை. மாற்றிப் போட்டிருந்தால் சேர்த்து இழுத்தாலும் வேகம் வந்திருக்காது என்பதால் உங்கள் வண்டியில் அப்படி நடக்கவில்லை என்று நம்புகிறேன்.

சிலர் இரண்டு பம்பின் தடித்த டெலிவரி ஹோஸ்களை மாற்றி மாட்டி, சோர்வு மறுபக்கம் போகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஒரு பக்கம் மட்டும் சோர்கிற வண்டியில். ஆனால் அதைச் செய்யும்போது சிக்னல் ஹோஸ்களையும் கூடவே மாற்ற வேண்டும். இல்லையென்றால் இன்று உங்களுக்கு இருக்கும் இதே நோயை நாமே உண்டாக்கிவிட்டு, பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பம்பின் உள்கசிவை அளக்க, அந்தக் கசிவை டேங்க்குக்குக் கொண்டுபோகும் கேஸ் டிரெயின் ஹோஸைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பாத்திரத்தில் பிடிக்கும் முறையும் உண்டு. அந்த ஹோஸை டேங்க் பக்கம் அடைக்கலாம், பம்ப் பக்கத்தை மட்டும் எக்காரணத்துக்கும் அடைத்துவிடாதீர்கள். ஆயில் போக வழியில்லாமல் உடலுக்குள் பிரஷர் ஏறி, நீங்கள் இவ்வளவு செலவு செய்து மாற்றிய ஷாஃப்ட் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

உங்கள் மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடிதத்தில் அவர்மேல் கோபம் தெரிகிறது. சேர்த்து இழுத்தால் வேகம் வருகிறது என்பதிலிருந்து அவர் பம்பின் உள்வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஹோஸ் மாறுவது இந்தத் தொழிலில் யாருக்கும் நடப்பது. கேஜ் போடாமல் ஸ்க்ரூவைத் திருகியதுதான் அவரிடம் எனக்குள்ள மனத்தாங்கல். இந்தக் கடிதத்தை அவரிடமே காட்டி, இரண்டு பேரும் சேர்ந்து ஹோஸைத் தொடர்ந்து பாருங்கள். அவர் கழற்றிய ஆள், எது எங்கே இருந்தது என்பது அவர் கைக்கு ஞாபகம் வரும். இன்னொருவரைக் கூப்பிட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரியானதும் ஓர் அளவு எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தரையிலிருந்து தூக்கி, செயின் தகடான ஒரு ஷூவில் சாக்பீஸ் கோடு போட்டு, முழு வேகத்தில் மூன்று சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. யாரும் அருகில் நிற்காதபோதுதான் இதைச் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரம் காட்ட வேண்டும். ஸ்விங்கையும் காலி பக்கெட்டோடு மூன்று சுற்றுக்கு அளந்துகொள்ளுங்கள். ஆயில் சூடு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள், குளிர்ந்த ஆயிலில் எடுத்த விநாடியும் சூடான ஆயிலில் எடுத்த விநாடியும் ஒப்பிட உதவாது. ஆறு மாதம் கழித்து வண்டி மந்தமாக இருப்பதுபோல் தோன்றினால், உண்மையா, பிரமையா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

ரிட்டர்ன் ஃபில்டர், பைலட் ஃபில்டர், கேஸ் டிரெயினில் ஃபில்டர் இருந்தால் அதுவும், மூன்றையும் 50 மணி நேர ஓட்டத்தில் மாற்றிவிடுங்கள். பழையதைத் தூக்கி எறியுமுன் விரித்துப் பாருங்கள். பொன்னிறம் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, துகளைப் படம் எடுத்து, மேலே சொன்ன விநாடிக் கணக்கோடும் பம்ப் அவுட்லெட் பிரஷரோடும் எனக்கு எழுதுங்கள்.